டாடா 697-இலிருந்து கம்மின்ஸுக்கு: நெல்லையிலிருந்து ஒரு டூரிஸ்ட் பஸ் அனுபவம்

எங்களிடம் முன்பு ஓடியது டாடா 1512. டாடாவின் சொந்த 697 எஞ்சின், ஆறு சிலிண்டர், டீசலை அழுத்தித் தள்ள இன்லைன் பம்ப். அதைக் கொடுத்துவிட்டு பிஎஸ்6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டாடா 1618 சேஸிஸ் (பாடி இல்லாத அடிச்சட்டம்) எடுத்து, கரூரில் ஏ.சி. புஷ்பேக் பாடி கட்டினோம். முகப்பில் அதே டாடா, உள்ளே கம்மின்ஸ் 5.6 லிட்டர். வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எத்தனை எச்.பி. என்றுதான் கேட்கிறார்கள். அதைத் தாண்டிச் சொல்ல நிறைய இருக்கிறது.

இழுவையில் குறையே கிடையாது. கார்த்திகை மாதம், செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவு, வண்டி நிறைய ஐயப்ப சாமிமார், மேலே கட்டுச் சாமான். பழைய வண்டியில் அந்த இடத்தில் ஏ.சி.யை நிறுத்திவிட்டு இரண்டாவது கியரில் முக்கி முக்கித்தான் ஏறுவோம். இதில் ஏ.சி. ஓட ஓட மூன்றாவதிலேயே ஏறிவிடுகிறது. சத்தமும் அதிர்வும் வெகுவாகக் குறைவு. முன் சீட்டில் வயசானவர்களை உட்கார வைக்க முடிகிறது.

மாறியது பட்டறைதான். 697-க்கு மூச்சு வாங்கினால், "பம்பைக் கழட்டிக் கொண்டாங்க அண்ணாச்சி, சாயந்தரம் தாரேன்" என்று சொல்ல இங்கேயே ஆள் இருந்தார். புது வண்டியில் டீசலைக் கம்ப்யூட்டர் கணக்குப்படி செலுத்தும் காமன் ரெயில், அதில் அந்தப் பேச்சே இல்லை. ஸ்கேனர் மாட்டி, என்ன கோளாறு என்று அது காட்டும் எண்ணைப் பார்த்து, அப்புறம்தான் ஸ்பானரைத் தொடுவார்கள்.

ஒரு கல்யாண சவாரி. தென்காசி ரோட்டில் டிரைவர் போன் பண்ணினார்: "லைட்டு எரியிது அண்ணாச்சி, பிக்கப்பே இல்ல." எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. பாடி கட்டிய பட்டறையில் டிக்கிக் கதவின் கீலை, புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரின் ஒயருக்கு மேலேயே வைத்திருக்கிறார்கள். திறந்து மூடித் திறந்து மூடி மேல்தோல் உரிந்து செம்பு தெரிந்தது. அந்த அளவு காயத்துக்கே கம்ப்யூட்டர் சக்தியைக் குறைத்துவிட்டது. பழைய எஞ்சினுக்கு அப்படி ஒரு ஒயரே கிடையாது.

புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியான டி.பி.எஃப். பற்றி டிரைவருக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாளையங்கோட்டைக்குள்ளேயே மண்டபத்துக்கும் லாட்ஜுக்கும் சுற்றினால் புகைக்கரி சேர்ந்து, அதை எரித்துத் தீர்க்கச் சொல்லும் ரீஜென் விளக்கு வந்துவிடும். நாலுவழிச் சாலையில் கயத்தாறு, கோவில்பட்டி வரை ஒரே வேகத்தில் போய் வந்தால் பெரும்பாலும் தானே எரித்துத் தீர்த்துக்கொள்ளும். நிறுத்தி வைத்து ரீஜென் போடுவதாக இருந்தால் சைலன்சர் பக்கம் பனையோலை, சருகு எதுவும் கிடக்கக் கூடாது. அவ்வளவு சூடு வரும்.

ஆட்ப்ளூ என்பது புகையின் நச்சைக் குறைக்கத் தனி டேங்கில் ஊற்றும் 32.5 சதவீத யூரியாக் கரைசல். எங்கள் வண்டிக்கு 100 லிட்டர் டீசலுக்கு 5 லிட்டர் வாக்கில் போகிறது. உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்று யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். அதில் இருக்கும் உப்பும் கசடும் இன்ஜெக்டரை அடைத்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட்டையும் கெடுத்துவிடும். மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். மைலேஜில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஏ.சி. போட்டால் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்.

எஞ்சின் கொடுக்கும் கம்பெனி மாறுவது புதுசும் இல்லை. டாடாவும் கம்மின்ஸும் கூட்டுக் கம்பெனி ஆரம்பித்தது 1993-இல். லேலண்ட் எண்பதுகளிலேயே ஜப்பானின் ஹினோவோடு கைகோத்தது. கனடாவின் ப்ரெவோ பஸ்களை வாங்கி உள்ளே வீடாகவே மாற்றிக்கொள்ளும் அமெரிக்கக்காரர்களுக்கும் இது நடந்தது. 1987-இல் வந்த டெட்ராய்ட் சீரிஸ் 60 எஞ்சின்தான் அதில் வெகுகாலம். லாரிகளிலும் அதுவே ஓடியதால் லாரிப் பட்டறையில்கூட வேலை தெரிந்தவர்கள் இருந்தார்கள். ப்ரெவோ வோல்வோ கைக்குப் போனது. 2000-இல் டெட்ராய்ட்டை டைம்லர் வாங்கியது. போட்டிக் கம்பெனியின் எஞ்சினை வோல்வோ எத்தனை நாள் மாட்டும்? வோல்வோவின் சொந்த டி13 எஞ்சின் வந்துவிட்டது. கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டிய வண்டிக்காரரும் புதிதாகப் பட்டறை பழக வேண்டியதாயிற்று.

அடுத்த வண்டிக்கும் இதே எஞ்சின்தான் எடுப்பேன். பாடி ஒப்பந்தத்தில் மட்டும் மூன்று விஷயம் எழுதி வாங்குவேன்: சென்சார் ஒயர் போகும் பாதையில் கீல், ஸ்க்ரூ எதுவும் வரக் கூடாது; டி.பி.எஃப்.-ஐக் கழற்ற டிக்கியை அறுக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. ஆட்ப்ளூ டேங்க் மூடிக்குத் தனிக் கதவு வேண்டும்.