மின்னஞ்சல் இணைப்பு எந்த விண்டோவில் திறக்கிறது? குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ்

அவுட்லுக்கில் வந்த இணைப்பைத் தட்டினால் புது டேபில் திறக்குமா, புது விண்டோவில் திறக்குமா என்றுதான் பலரும் கேட்கிறார்கள். ஒரே மடிக்கணினியில் அலுவலகக் கணக்கையும் சொந்தக் கணக்கையும் வைத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய தலைவலி, அது யாருடைய கணக்கில் திறக்கிறது என்பது. மூன்று உலாவிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு இப்போது எட்ஜில் இருக்கிறேன். வேகம், தோற்றம் பற்றிப் பேச ஒன்றுமில்லை, மூன்றும் போதும்.

குரோமில் ப்ரொஃபைல் வசதி, அதாவது ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கும் வசதி, அருமை. ஆனால் வெளியிலிருந்து வரும் இணைப்பு, நீங்கள் கடைசியாகத் தொட்ட ப்ரொஃபைலில் போய் விழும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சமூக மன்றப் பொங்கல் விழாத் தொண்டூழியர் பட்டியலைச் சொந்தக் கணக்கில் பார்க்கிறீர்கள். உடனே அவுட்லுக்கில் மேலாளர் அனுப்பிய கூகல் ஷீட்டைத் தட்டுகிறீர்கள். அதுவும் சொந்தக் கணக்கிலேயே திறந்து, அனுமதி இல்லை என்கிறது. அவசரத்தில் அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தினால், மேலாளருக்குப் போவது உங்கள் கல்லூரிக்கால ஜிமெயில் முகவரி! ப்ரொஃபைலுக்கென்று தனி ஷார்ட்கட் வைத்தாலும் பயனில்லை. விண்டோஸ் மின்னஞ்சல் இணைப்பைத் திறக்கும்போது அந்த ஷார்ட்கட்டைப் பார்ப்பதே இல்லை.

எட்ஜில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. செட்டிங்ஸில் ப்ரொஃபைல் பகுதிக்குள் போனால், 'டிஃபால்ட் ப்ரொஃபைல் ஃபார் எக்ஸ்டர்னல் லிங்க்ஸ்' என்று வரும். அதில் அலுவலகப் ப்ரொஃபைலின் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அவுட்லுக்கிலிருந்து எதைத் தட்டினாலும் அங்கேதான் போகிறது, அந்த நேரம் நான் எந்த விண்டோவில் இருந்தாலும் சரி. சொந்த மின்னஞ்சலை உலாவிக்குள்ளேயே படிப்பதால், அதிலுள்ள இணைப்புகள் அதே ப்ரொஃபைலைத் தாண்டுவதில்லை. இரண்டு வகை அஞ்சலும் ஒரே அவுட்லுக்கில் வந்தால் இந்த ஏற்பாடு பாதிதான் உதவும்.

ஒரு விஷயம்: அவுட்லுக்கிலேயே ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் இணைப்புகளை எட்ஜில் திறப்பதா, டிஃபால்ட் உலாவியில் திறப்பதா என்று கேட்கும். எட்ஜைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்திலேயே அந்த மின்னஞ்சலும் ஒட்டிக்கொண்டு வரும். சிறிய திரையில் இது இடைஞ்சல். நான் டிஃபால்ட் உலாவி என்றே வைத்திருக்கிறேன், டிஃபால்ட்டும் எட்ஜ்தானே.

விண்டோ, டேப் விஷயத்தில் மட்டும் ஃபயர்பாக்ஸை அடிக்க ஆளில்லை. முகவரிப் பட்டையில் 'அபவுட்:கான்ஃபிக்' தட்டி, 'ஓவர்ரைடு.எக்ஸ்டர்னல்' என்று தேடினால் ஓர் எண் கிடைக்கும். 2 போட்டால் வெளி இணைப்பு புது விண்டோவில், 3 போட்டால் புது டேபில், 1 போட்டால் இருக்கும் டேபிலேயே. ஒரே கணக்கு வைத்திருப்பவருக்கு இதையே சொல்வேன். மேக்கில் நான் அதிகம் புழங்கியதில்லை, அதனால் இதெல்லாம் விண்டோஸ் கணக்கு. அலுவலகக் கணினியில் ஐடி பிரிவு டிஃபால்ட் உலாவியைப் பூட்டி வைத்திருந்தால் முதலில் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வங்கி இணைப்புகளுக்கு எதை வைப்பது என்ற கேள்வி இங்கே எழாது. 2022 ஜனவரியில் சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிச் சங்கமும் அறிவித்த நடவடிக்கைகளின்படி, வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் தட்டும் இணைப்புகள் நீக்கப்பட்டன. அப்படி ஒன்று வந்தால் எந்த விண்டோவிலும் திறக்காதீர்கள்.