1969 கமேரோ: பெயின்ட் பளபளப்பை நம்பிப் பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் பழைய மசில் கார் (பெரிய இன்ஜின் வைத்த அந்தக் காலத்து வேகக் கார்) வாங்கும் எண்ணத்தில் இருக்கிறீர்களா? அதிலும் "முழுக்கப் புதுப்பித்தது, நவீன இன்ஜின் போட்டது" என்று விளம்பரம் வரும் காரை வேறு மாநிலத்திலிருந்து வரவழைக்கப் போகிறீர்களா? பணத்தை அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 68,500 டாலர் கொடுத்து நான் வாங்கிய 1969 செவ்ரோலே கமேரோ, இப்போது மிச்சிகனில் ஒரு மெக்கானிக்கின் ஷெட்டில் ஓட்டவே கூடாத நிலையில் நிற்கிறது. விற்றவர்கள் மீது புகார் கொடுத்திருப்பதால் அவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. தெற்கு மாநிலம் ஒன்றில் பெரிய ஷோரூம் வைத்து, மற்றவர்களின் பழைய கார்களைக் கமிஷனுக்கு விற்றுத் தரும் டீலர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் ட்ராய் நகரில். ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகும். 1995-ல் தொடங்கிய திருவிழா அது. சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும் யாருக்கும் ஒரு நாள் நாமும் அந்த வரிசையில் போக வேண்டும் என்று ஆசை வரும். எனக்கு 69 கமேரோதான் வேண்டும். ஃபோர்டின் மஸ்டாங்குக்குப் போட்டியாக 1967 மாடலாக வந்த கார் அது. 1969-க்கு மட்டும் வெளித் தகரத்தை மாற்றி, சக்கர வளைவிலிருந்து பின்னோக்கி ஓடும் ஒரு மடிப்பு வைத்தார்கள். அந்த ஒரு வருடத்து உருவம் பிடித்துப்போனவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காது.

இதில் ரெஸ்டோமாட் என்று ஒரு வகை உண்டு. வெளியே 1969, உள்ளே இந்தக் காலத்து இன்ஜின், கியர்பாக்ஸ், டிஸ்க் பிரேக், ஏசி. நேர்மையாகச் செய்தால் அருமையான வேலை. அப்படிச் செய்த கார்களில் நான் உட்கார்ந்து போயிருக்கிறேன். குறை வகையில் இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இந்தக் காரை இந்த நிலையில் உருவாக்கியது செவ்ரோலே அல்ல, யாரோ ஒருவருடைய ஒர்க்‌ஷாப். எந்தத் தரச் சோதனையும் நடந்திருக்காது. கோளாறு தெரிந்தால் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும் கம்பெனியும் கிடையாது. போல்ட் போட்டவருடைய மனசாட்சிதான் கேரன்டி.

விளம்பரத்தில் இருந்தவை இவை: அசல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட் என்ற உயர்வகை) கார். உடம்பை முழுக்கப் பிரித்து, சுழல் சட்டத்தில் மாட்டிச் செய்த ரெஸ்டோரேஷன். துருவே அறியாத தெற்கத்திக் கார். 430 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்3 என்ற நவீன வி8 இன்ஜின், ஆறு கியர், பத்து போல்ட் வகையைவிட உறுதியான 12 போல்ட் பின் ஆக்ஸில், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். நூற்றுக்கு மேல் படங்கள். அடிப்பகுதியையும் காட்டியிருந்தார்கள், கறுப்பாக, சுத்தமாக இருந்தது. அந்தக் கறுப்பு ஏன் அவ்வளவு சுத்தம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பார்வையிட ஒருவரை நானே அனுப்புகிறேன் என்றேன். "தாராளமாக அனுப்புங்கள், ஆனால் எங்கள் இன்சூரன்ஸ் விதிப்படி வெளியாட்கள் எங்கள் லிஃப்டில் காரை ஏற்ற முடியாது, எங்களுக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர் இருக்கிறார், அவர் ஏற்றிப் பார்ப்பார்" என்று விற்பனையாளர் மரியாதையாகச் சொன்னார். அந்த இன்ஸ்பெக்டர் அனுப்பிய அறிக்கை அழகாக இருந்தது. பெயின்ட் நன்று, உட்புறம் நன்று, கண்ணுக்குத் தெரிந்த துரு இல்லை, ஓட்டிப் பார்த்ததில் குறை இல்லை. அவர் காரை லிஃப்டில் ஏற்றவே இல்லை என்பது பிறகு அவரிடமே போனில் கேட்டபோதுதான் தெரிந்தது. நேரம் கிடைக்கவில்லை என்று டீலர் சொன்னாராம்.

கார் மூடிய டிரெய்லரில் வந்து இறங்கியது. கீறல்கூட இல்லை. ஓட்டிப் பார்த்தபோது சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இன்ஜின் சூடு ஏறியது, காருக்குள் லேசாகப் பெட்ரோல் வாடை. பழைய கார் என்றால் கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும் என்றார் டீலர். கார்புரேட்டர் வைத்த காருக்கு அந்தப் பேச்சு சரி. மூடிய அழுத்தத்தில் பெட்ரோல் ஓடும் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் வாடை வந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். நேராகப் பழைய செவ்ரோலே கார்களையே வாழ்நாளெல்லாம் பார்த்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றியதும் அவர் முதலில் எதுவும் பேசவில்லை. டார்ச்சை ஒரு இடத்தில் காட்டி, "இந்தக் காரில் யாரையும் ஏற்றினீர்களா?" என்று கேட்டார். என் மகனை ஏற்றியிருந்தேன்.

அவர் காட்டியது பெட்ரோல் ஹோஸ். கார்புரேட்டருக்கு ஐந்து முதல் ஏழு பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் போதும். எல்எஸ் வகை இன்ஜெக்‌ஷனுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். அதற்கென்று உறுதியான ஹோஸ் தனியாக இருக்கிறது, அதன் மேல் 30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். என் காரில் இருந்தது 30ஆர்7, அதாவது கார்புரேட்டருக்கும் குறைந்த அழுத்தக் குழாய்களுக்கும் போடும் சாதா ரப்பர் ஹோஸ். விலை வித்தியாசம் சில டாலர்கள்தான். அதைத் திருகு கிளாம்ப் போட்டு இறுக்கி, புகை போகும் ஹெடர் குழாய்க்கு ஒரு விரல் இடைவெளியில் விட்டிருந்தார்கள். வெப்பத்தில் ரப்பர் வெடிப்பு விட்டு, கிளாம்ப் பக்கத்தில் ஈரம் தெரிந்தது. பின்னால் டிக்கியில் இருந்த பேட்டரியிலிருந்து முன்னால் வரும் தடித்த கேபிளுக்கு ஃப்யூஸ் இல்லை. தகரத்தில் ஓட்டை போட்ட இடத்தில் ரப்பர் வளையமும் இல்லை, தகரத்தின் கூரான விளிம்பிலேயே கேபிள் உரசிக்கொண்டிருந்தது. கசியும் பெட்ரோலும் உரசும் கரன்ட் கேபிளும் ஒரே காரில். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அடுத்தது தரை. அந்தச் சுத்தமான கறுப்பு, ரப்பர் கலந்த அண்டர்கோட்டிங். தடிமனாக அடித்திருந்தார்கள். மெக்கானிக் ஓரிடத்தில் சுரண்டியதும் கீழே ரிவெட் தலைகள் தெரிந்தன. துருவேறிய பழைய தரையை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே மெல்லிய தகரத்தை வைத்து, ரிவெட் அடித்து, விளிம்பில் சீலன்ட் பூசி, கறுப்பு அடித்து மூடியிருந்தார்கள். பக்கத்து இருக்கையின் தண்டவாளம் அந்த ஒட்டுத் தகரத்தில்தான் போல்ட் போட்டிருந்தது. இடித்தால் இருக்கை ஆளோடு பிடுங்கிக்கொண்டு முன்னால் போகும். முன் பகுதியில் மட்டும் தனிச் சட்டம் கொண்ட கார் கமேரோ. மற்றதெல்லாம் உடம்பே சட்டம். அதில் தரை போனால் வண்டியின் எலும்பே போன மாதிரி.

பக்கவாட்டுத் தகரத்தில் பெயின்ட் தடிமன் மீட்டர் வைத்தார். கம்பெனி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். நன்றாக மறுபடி அடித்த பெயின்ட் அதைப் போல இரு மடங்கு இருந்தாலும் குற்றமில்லை. என் காரின் பின் சக்கரத்துக்கு மேலே மீட்டர் தன் எல்லையைத் தாண்டிப் போய் எண்ணே காட்டவில்லை. முழுக்கப் பட்டி. நம் ஊர் டிங்கரிங் கடையில் மொபெட் டேங்குக்குப் பார்ப்பார்களே, அந்தப் பட்டிதான்.

இன்ஜின் விஷயம் ஒரு காந்தத்தில் முடிந்தது. எல்எஸ்3 இன்ஜினின் பிளாக் அலுமினியம். காந்தம் ஒட்டாது. என் இன்ஜினில் பட்டென்று ஒட்டியது. பிளாக்கில் வார்ப்பிலேயே 4.8/5.3 என்று இருந்தது. அதாவது இரும்பு பிளாக், பிக்கப் டிரக்கிலிருந்து கழற்றிய 5.3 லிட்டர் இன்ஜின், மேலே அழகான மூடிகள். அது கெட்ட இன்ஜின் இல்லை, நன்றாகவே உழைக்கும். ஆனால் டிரக்கில் அது கொடுத்தது 300-க்கும் குறைவான குதிரைத்திறன். பழைய இரும்புக் கடையில் வாங்கும் விலைக்கும் புது எல்எஸ்3 விலைக்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம். பின் ஆக்ஸில் 12 போல்ட் என்றார்களே, டிஃபரென்ஷியல் மூடியில் போல்டுகளை எண்ணினால் பத்து. இதற்கு மெக்கானிக்கே தேவையில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். அதனால்தான் அந்த மூடி ஒரு படத்திலும் முழுதாகத் தெரியவில்லை.

"அசல் எஸ்எஸ்" என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலையில் பெரும்பங்கு அந்த இரண்டு எழுத்துக்குத்தான். அந்தக் காலத்து செவ்ரோலேவுக்கு 13 இடம் கொண்ட வின் எண், அதாவது ஒவ்வொரு காருக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண். டாஷ்போர்டில் டிரைவர் பக்கம் கண்ணாடி வழியாகத் தெரியும். முதல் 1 செவ்ரோலே, அடுத்த 24 என்றால் வி8 கமேரோ, 23 என்றால் ஆறு சிலிண்டர், 37 இரண்டு கதவு கூப்பே, 9 என்பது 1969. அடுத்து வரும் எழுத்து என் என்றால் ஒஹையோவின் நார்வுட் ஆலை, எல் என்றால் கலிஃபோர்னியாவின் வேன் நைஸ். இதில் எங்கும் எஸ்எஸ் என்று வராது. 24 என்று இருந்தால் எஸ்எஸ்ஸாக இருக்கலாம், அவ்வளவுதான். 23 என்றால் கண்டிப்பாக இல்லை. பான்டியாக் காருக்கும், 1967 முதல் வந்த ஃபோர்டுக்கும் கம்பெனிப் பதிவிலிருந்து காகிதம் வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற செவ்ரோலேவுக்கு அந்த வசதி இல்லை. ஆலையில் காரோடு போன பில்ட் ஷீட்டோ (அந்தக் காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற பட்டியல்), வாரன்டிப் புத்தகத்தோடு கொடுத்த உலோகத் தகடோ இருந்தால்தான் பேச்சு. இன்ஜினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் இருக்கும் டிரிம் டேக் (பெயின்ட், உட்புறக் குறியீடுகள் உள்ள சிறு தகடு) கூடப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். என்னிடம் காட்டியது அந்த டேக்கை மட்டும்.

இணையத்தில் வின் எண் போட்டு வரலாறு எடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். முடியாது. அந்த அறிக்கைகள் 1981-ல் வந்த 17 இட எண்ணுக்குத்தான் வேலை செய்யும். மைலேஜும் அப்படியே. இவ்வளவு பழைய காருக்கு ஓடோமீட்டர் கணக்கு சொல்ல வேண்டிய சட்டக் கடமை இல்லை, டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) விலக்கு என்றே எழுதியிருக்கும். ஆகவே "புதுப்பித்த பின் இவ்வளவு மைல்தான் ஓடியது" என்பது வெறும் வாய் வார்த்தை.

டீலரைக் கூப்பிட்டேன். முதல் இரண்டு போன் வரை இனிக்க இனிக்கப் பேசியவர் குரல் மாறியது. "கார் எங்களுடையது இல்லை, உரிமையாளர் சொன்னதைத்தான் எழுதினோம். இருக்கிற நிலையில் விற்பனை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இன்ஸ்பெக்‌ஷனும் நடந்தது." உரிமையாளர் யார் என்று கேட்டதற்குத் தனியுரிமை என்றார். அப்புறம் ஒரு மின்னஞ்சல்: 2,500 டாலர் தருகிறோம், இதைப் பற்றி எங்கும் பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். நான் மறுத்துவிட்டேன். அதே வாரத்தில் அவர்கள் தளத்தில் விற்றுப்போன கார்களின் பட்டியலில் என் கார் விளம்பரம் திருத்தப்பட்டிருந்தது. எல்எஸ்3 என்ற இடத்தில் வெறும் எல்எஸ். அசல் எஸ்எஸ் என்ற இடத்தில் எஸ்எஸ் தோற்றம். நல்லவேளையாகப் பணம் அனுப்பிய அன்றே முழுப் பக்கத்தையும் படங்களோடு சேமித்து வைத்திருந்தேன். இப்போது என் கையில் இருக்கும் பலமான சாட்சி அதுதான். நீங்களும் மறக்காமல் சேமியுங்கள்.

வழக்கறிஞர் சொன்னது இது. இருக்கிற நிலையில் விற்பனை என்ற வாசகம் எல்லாவற்றையும் அழித்துவிடாது. இன்ன இன்ஜின், இன்ன ஆக்ஸில் என்று எழுத்தில் குறிப்பிட்டு விற்றால், அந்த வர்ணனையே ஒரு வாக்குறுதி என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் வழக்கு அவர்கள் மாநிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது, அந்தச் செலவு பெரியது. எனவே முதலில் அந்த மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும், டீலர் உரிமம் கொடுக்கும் துறைக்கும் புகார் அனுப்பியிருக்கிறோம். டீலர்கள் பழைய காரோடு வைக்க வேண்டிய பையர்ஸ் கைடு என்ற தாள் ஒன்று உண்டு. ஃபெடரல் டிரேட் கமிஷன் விதி. வாரன்டி இருக்கிறதா இல்லையா என்பதை அதில் குறிக்க வேண்டும். எனக்கு அது வரவே இல்லை, அதையும் புகாரில் சேர்த்திருக்கிறோம்.

வாங்கப் போகிறவர்களிடம் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் தேர்ந்தெடுத்த ஆள், நீங்கள் பணம் கொடுக்கும் ஆள், காரை லிஃப்டில் ஏற்றி, அவர் கையாலேயே படம் எடுத்து அனுப்பும் வரை ஒரு டாலரும் அனுப்பாதீர்கள். எங்கள் லிஃப்டில் முடியாது என்றால் பக்கத்திலுள்ள வேறு ஒர்க்‌ஷாப்புக்குக் காரை ஓட்டி வரச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. யார் புதுப்பித்தார்கள், இன்ஜின் எங்கே வாங்கினார்கள் என்பதற்கு ரசீதும் வேலை நடந்தபோது எடுத்த படங்களும் கேளுங்கள். உடம்பைப் பிரித்துச் செய்தவர் அதைப் படம் எடுக்காமல் இருக்கவே மாட்டார்.

ஏற்கெனவே இப்படி ஒரு கார் உங்கள் கராஜில் இருந்தால், அடுத்த முறை சாவி போடும் முன் டார்ச் எடுத்துக்கொண்டு டேங்கிலிருந்து இன்ஜின் வரை பெட்ரோல் ஹோஸைப் பின்தொடர்ந்து, மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு 30ஆர்7 போட்டிருந்தால், அல்லது எழுத்தே இல்லாவிட்டால், மாற்றும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். உங்கள் ஹோஸ் படத்தைக் கீழே போட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். புகாருக்குப் பதில் வந்ததும் அதையும் இங்கேயே எழுதுகிறேன்.