சென்னையில் மறுபடியும் பஸ்ஸும் ரயிலும்

கோவிட்டுக்குப் பிறகு ஊருக்கு வந்த பயணங்களில் நான் பஸ் ஏறியதே இல்லை. ஏர்போர்ட்டில் இறங்கினால் கால் டாக்ஸி, குரோம்பேட்டையில் அக்கா வீடு, அங்கிருந்து கல்யாணமோ கோயிலோ ஆஸ்பத்திரியோ எதுவானாலும் கால் டாக்ஸி. சிங்கப்பூரில் தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவள் நான். அங்கே பஸ்ஸிலும் ரயிலிலும் முகக்கவசம் கட்டாயம் என்ற விதியை 2023 பிப்ரவரி 13-ம் தேதிதான் எடுத்தார்கள். ரயிலுக்குள் பேசாதீர்கள் என்ற அறிவிப்பையும் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தோம். அந்தப் பழக்கத்தோடு, கதவில் ஆள் தொங்கும் தாம்பரம் லோக்கலை நினைத்தாலே வயிற்றைக் கலக்கியது.

இந்த முறை தப்பிக்க வழியில்லை. டிசம்பர் விடுமுறையோடு ஜனவரியையும் சேர்த்து ஊரிலேயே இருந்து வேலை பார்க்க ஆபீசில் அனுமதி கிடைத்தது. தொற்றுக்கு முன் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் வாரத்தில் பாதி நாளாவது தேனாம்பேட்டையில் இருக்கும் கிளைக்கு நேரில் வர வேண்டும் என்று ஒரு கொக்கி. ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை எட்டரை மணிக்கு டாக்ஸியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ரயிலை விட்டால் கதியில்லை என்று.

அக்கா பள்ளி ஆசிரியை. அவள்தான் இந்த ஐந்தாறு வருடக் கதையை எனக்குச் சொன்னாள். 2020 மார்ச்சில் நின்ற மின்சார ரயில் அக்டோபரில் ஓடத் தொடங்கியபோது அத்தியாவசியப் பணியாளர்களுக்கு மட்டும்தான் இடம். நவம்பர் 23 முதல் பெண்களை ஏற்றினார்கள், அதுவும் கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும். மற்ற எல்லோருக்கும் கதவு திறக்க டிசம்பர் 23 ஆயிற்று. 2022 ஜனவரியில், மூன்றாம் அலை வந்தபோது, இரண்டு தவணை தடுப்பூசி போட்ட சான்றிதழைக் காட்டினால்தான் கவுண்ட்டரில் டிக்கெட். அந்தச் சான்றிதழை அவள் லேமினேட் செய்து வைத்திருந்தாள். இன்னும் கைப்பையில், ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கும் பழைய சீசன் டிக்கெட்டுக்கும் நடுவில் இருக்கிறது. "எதுக்கு தூக்கிப் போடணும், திரும்பக் கேட்டான்னா?" என்றாள். அரசாங்க உத்தரவுகளைப் பார்த்துப் பார்த்து வந்த ஞானம்!

முதல் நாள் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் லேடீஸ் பெட்டியில் ஏறினேன். பெட்டி முழுக்கத் தேடினாலும் இன்னொரு முகக்கவசம் இல்லை. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா கண்ணு?" என்று கேட்டு, பூக்கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த நெரிசலிலும் என்னைச் சுற்றிக் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஒரு காலத்தில் போடாதவளைக் கண்டு விலகினார்கள், இப்போது போட்டவளைக் கண்டு விலகுகிறார்கள். அடுத்த நாளிலிருந்து அதைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

யோசித்தால், காற்றோட்டம் காற்றோட்டம் என்று அன்று உலகமே அடித்துக்கொண்டதே, அதில் நம் லோக்கல் ரயிலை மிஞ்ச ஆள் கிடையாது. ஜன்னல் திறந்திருக்கும், கதவு என்று ஒன்று மூடியே பார்த்ததில்லை. 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது. தானாக மூடும் கதவு, சுத்தமான பெட்டி, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் அதே 5 ரூபாய். ஏழு மடங்கு. ஏ.சி. வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்து வேலைக்குக் கிளம்ப முடிகிறவர்களுக்கு நல்ல வசதி. எனக்கு நேரம் ஒத்துவரவில்லை.

கிண்டியில் இறங்கி மெட்ரோவுக்கு மாற வேண்டும். நடக்கிற தூரம்தான். மெட்ரோவைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் அது சிங்கப்பூர் மாதிரியே இருக்கிறது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. கூட்ட நேரத்தில் வண்ணாரப்பேட்டைக்கும் ஆலந்தூருக்கும் இடையே மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி. முன்பு கூடுதல் கட்டணம் வாங்கிய சிறப்புப் பெட்டியை 2020 கடைசியில் பெண்களுக்கென்று மாற்றிவிட்டார்கள். தொற்று வருடத்தில் எடுத்த முடிவுகளில் உருப்படியான ஒன்று. எண்ணிக்கை இன்னும் சுவாரசியம்: 2019-ல் மெட்ரோவில் போனவர்கள் 3.28 கோடி, 2020-ல் 1.18 கோடி, 2024-ல் 10.52 கோடி. பயந்து ஓடிய கூட்டம் மூன்று மடங்காகத் திரும்பி வந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை பாதை நீண்டதும், அதே மாதம் அதிகபட்சக் கட்டணம் 70-லிருந்து 50 ரூபாய்க்கு இறங்கியதும் இதற்குக் காரணம். கிருமி பயம் போனதால் மட்டும் இவ்வளவு கூட்டம் வராது.

பஸ் விஷயம்தான் பெரிது.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட் இலவசம் என்ற உத்தரவில் முதல்வர் ஸ்டாலின் கையெழுத்திட்டது 2021 மே 7-ம் தேதி. மறுநாள் நடைமுறைக்கு வந்தது. மே 10-ம் தேதி முழு ஊரடங்கு! திட்டம் வந்த மூன்றாம் நாளே பஸ் நின்றுவிட்டது. சென்னையில் மறுபடி பஸ் ஓடியபோது ஜூன் 21. ஆக, இரண்டாம் அலைக்குப் பிறகு வேலைக்குப் போக வெளியே வந்த பெண்களுக்கு முதல் பஸ் பயணமே இலவசப் பயணம். இதை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'ஓசி' என்று கேலி செய்யும் சித்தப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பஸ்ஸில் போவதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு மாலை சைதாப்பேட்டைக்குப் போக முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்த பஸ் ஒன்றில் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார், எங்கே என்று கேட்டார், மகளிர் டிக்கெட் ஒன்றைக் கொடுத்தார். ஆதார் வேண்டாம், எந்த ஊர் என்ற கேள்வி வேண்டாம். வெளிநாட்டுச் சம்பளம் வாங்குகிறவள் இதை வாங்கலாமா என்று கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வீட்டு வேலைக்குப் போய்வருகிறவர். "முன்ன ரெண்டு வீடுதான்மா, நடந்து போற தூரத்துல. பஸ்ஸுக்கே அழிஞ்சா மிச்சம் என்ன நிக்கும்? இப்ப நந்தனம் பக்கம் ரெண்டு வீடு சேர்த்துப் பிடிச்சிருக்கேன்" என்றார். மாநிலத் திட்டக்குழு செய்த ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. இவர் கணக்கில் மிச்சத்தோடு வரவும் கூடியிருக்கிறது. அந்த 888-க்குள் அது வராது.

சென்னை பஸ்ஸில் கண்டக்டர் தன் சீட்டை விட்டு அசைய மாட்டார் என்பது நமக்குத் தெரியும். முன்பக்கம் ஏறிய ஆண் பயணி காசை முன்னால் நிற்பவரிடம் கொடுத்து "ஒரு கிண்டி" என்பார். அது கை மாறி, கை மாறி, பின்னால் போய், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பி வரும். 2020-ல் பால் பாக்கெட்டைக் கூடச் சோப்புப் போட்டுக் கழுவினோம். ரூபாய் நோட்டை இஸ்திரி போட்டவர்களை எனக்குத் தெரியும். இப்போது அதே பத்து ரூபாய், வியர்த்த ஐந்தாறு கைகளைத் தாண்டிப் போகிறது, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. வழியில் ஒரு ரூபாய் குறைந்ததாகவும் தெரியவில்லை.

இதில் வேடிக்கை யு.பி.ஐ.தான். 2024 வாக்கில் கண்டக்டர்கள் கைக்கு மின்னணு டிக்கெட் மெஷின் வரத் தொடங்கியது. போனில் பணம் கட்டலாம். சில்லறைச் சண்டை பாதி குறைந்துவிட்டது, கண்டக்டர்கள் முகத்தில் சிரிப்பைக்கூடப் பார்த்தேன். ஆனால் க்யூ.ஆர். கோடு அவர் கையிலிருக்கும் மெஷினில் அல்லவா இருக்கிறது? காசு கை மாறிப் போகும், போன் போகாது. ஆளே போக வேண்டும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஐ.டி. கம்பெனி இளைஞர்கள் கண்டக்டரை நோக்கி நீந்துவதும், அவர் "அங்கயே நில்லுப்பா, காசு இருந்தா குடுத்து அனுப்பு" என்று கத்துவதும் தினசரிக் காட்சி.

என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சிங்கப்பூரில் வங்கி அட்டையையே தட்டிவிட்டு உள்ளே போகிறோம். இங்கே அந்த அட்டை மெட்ரோ கதவைத் திறக்காது. சிங்காரச் சென்னை அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 2023-ல் மெட்ரோவில் வந்தது, 2025 ஜனவரியிலிருந்து மாநகரப் பஸ்ஸிலும் செல்லும். மெட்ரோவில் 20 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. வாங்க இந்திய மொபைல் எண் தேவைப்படும். நான் அக்காவின் எண்ணைக் கொடுத்தேன். பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். தரும் 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பர் 22-ல் வந்தது, இந்தியக் கணக்கு இருந்தால் அதுவே போதும். கணக்கு இல்லையா? மெட்ரோ கவுண்ட்டரில் காசு கொடுத்தால் காகித டிக்கெட் கிடைக்கும், பஸ்ஸில் நோட்டு என்றைக்கும் செல்லும். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், ஐந்நூறை நீட்டினால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

டிக்கெட் எடுப்பது இவ்வளவு சுலபமாகிவிட்டது. காத்திருப்பது மட்டும் நான் கல்லூரிக்குப் போன காலத்தில் எப்படியோ அப்படியே. என் வருத்தமெல்லாம் இதுதான். ஒரு செயலி, பஸ் இரண்டு நிமிடத்தில் வருகிறது என்று கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு நிறுத்தத்தில் நிழற்குடையே இல்லை. பக்கத்துக் கடையின் ஷட்டர் ஓரம் நின்றோம். மெட்ரோ இரண்டாம் கட்டம், 118.9 கிலோமீட்டர், நகரம் முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறது. தோண்டட்டும், நல்லதுக்குத்தான். ஆனால் அதற்காக இடம் மாறிய நிறுத்தத்துக்கு ஒரு அட்டையாவது எழுதி மாட்ட ஆளில்லை. நான் பழைய இடத்தில் நின்றுகொண்டிருக்க, இளநீர்க்காரர்தான், "இங்க நிக்காதும்மா அது, சிக்னல் தாண்டிப் போ" என்றார். அந்த வேலைக்கு அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?

லிஃப்ட் கதை இன்னொன்று. ஒரு நிலையத்தில் லிஃப்ட் வாசலில் 'பழுது' என்ற பலகை. நான் அந்தப் பக்கம் போன நாளெல்லாம் அது அங்கேயே இருந்தது. மூட்டு வலியோடு படியேறிய ஒரு பெரியவர், பாதியில் நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏறினார். கோடிகளில் பாலம் கட்டுகிறவர்கள் அந்த ஒரு மோட்டாரைச் சரிசெய்ய எவ்வளவு நாள் எடுப்பார்கள்? தொற்றுக்குப் பிறகு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் திரும்பி வந்தவர்களில் பெரும்பகுதி வேறு வழியில்லாதவர்கள். வசதி உள்ளவர்கள் அந்த இரண்டு வருடத்தில் ஸ்கூட்டரோ காரோ வாங்கிவிட்டார்கள், என் அத்தானும் சேர்த்துத்தான். அவர்களை இலவச டிக்கெட்டோ ஏ.சி.யோ இழுக்காது. பத்து நிமிடத்தில் பஸ் வரும் என்றால் வரும் என்ற நம்பிக்கை இழுக்கலாம்.

அத்தானிடம் இதைச் சொன்னேன். "வண்டி பார்க்கிங் தேடியே என் ஆயுசு போகுது, பஸ்ஸும் ஒரு தடவை பார்க்கறேன்" என்றார். கிளம்பும்போது என் அட்டையில் பணம் மிச்சமிருந்தது. அக்காவுக்கு பஸ்ஸில் அது தேவையில்லை, அவளுக்குத்தான் டிக்கெட்டே கிடையாதே. அத்தானிடம் கொடுத்துவிட்டு வந்தேன். தி.நகர் போகிற நாட்களில் மட்டும் பஸ்ஸில் போகிறாராம். நிற்க இடம் கிடைக்கிறது, உட்காரத்தான் விடமாட்டேன் என்கிறார்கள் என்று போனில் ஒரே புலம்பல்.