அங்கோலாவும் மொசாம்பிக்கும்: தேர்தல் முதலா, துப்பாக்கி முதலா?

மொசாம்பிக்கும் அங்கோலாவும் 1975-இல் ஐந்து மாதம்கூட இல்லாத இடைவெளியில் போர்ச்சுக்கல்லிடமிருந்து விடுதலை பெற்றன. இரண்டிலும் மார்க்சியம் பேசிய ஆளுங்கட்சி. இரண்டிலும் அதை எதிர்த்த படைக்குத் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசின் தீனி. பனிப்போர் முடிகிற நேரத்தில் இரண்டும் சமாதான ஒப்பந்தத்துக்கு வந்தன. ஒன்றில் போர் நின்றது. மற்றதில் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் போர் உக்கிரமானது. ஒப்பந்தம் வந்தால் வன்முறை குறையுமா என்று யாராவது கேட்டால், இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

முதலில் அங்கோலா. 1991 மே 31 அன்று பிசெஸ் ஒப்பந்தத்தில் அதிபர் தோஸ் சாந்தோஸும் அரசை எதிர்த்துப் போரிட்ட யுனிட்டா படையின் தலைவர் ஜோனாஸ் சவிம்பியும் கையெழுத்திட்டார்கள். காகிதத்தில் குறை சொல்ல முடியாது. இரு படைகளையும் கலைத்து 50,000 பேர் கொண்ட ஒரே ராணுவம் அமைப்பது, பிறகு தேர்தல். ஆனால் காலக்கெடுவோ பதினாறு மாதம். 12 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் பெரிய நாட்டுக்கு ஐ.நா. அனுப்பிய ராணுவப் பார்வையாளர்கள் சுமார் 350 பேர். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஆன்ஸ்டி, ஜம்போ விமானத்தை ஓட்டச் சொல்லிவிட்டுச் சின்ன விமானத்துக்கான எரிபொருளை மட்டும் கொடுத்த கதை இது என்று நொந்துகொண்டார்.

1992 செப்டம்பர் இறுதியில் வாக்குப்பதிவு நடந்தபோது புதிய ராணுவத்தில் பத்தாயிரம் பேர்கூடச் சேர்ந்திருக்கவில்லை. பழைய படைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தோஸ் சாந்தோஸுக்கு 49.57 சதவீதம், சவிம்பிக்கு 40.07. பாதியைத் தாண்ட அரை சதவீதத்துக்கும் குறைவுதான் என்றாலும் சட்டப்படி இரண்டாம் சுற்று நடந்தாக வேண்டும். நடக்கவில்லை. மோசடி என்றார் சவிம்பி. தேர்தல் பொதுவாக நேர்மையாகவே நடந்தது என்றது ஐ.நா. சவிம்பியின் ஆட்கள் மாகாணங்களில் ஊர்களைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அக்டோபர் கடைசியில் தலைநகர் லுவாண்டாவில் அரசுத் தரப்பு, ஆயுதம் கொடுக்கப்பட்ட பொதுமக்களையும் சேர்த்துக்கொண்டு, யுனிட்டாக்காரர்களைத் தேடித் தேடிக் கொன்றது. பழியை ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது வசதிதான், உண்மை இல்லை.

அடுத்த ஆண்டு ஹுவாம்போ நகரச் சண்டை 55 நாள் நீடித்தது. குயித்தோ ஒன்பது மாதம் முற்றுகையில் கிடந்தது. தெருவின் ஒரு பக்கம் அரசுப் படை, எதிர்ப்பக்கம் யுனிட்டா. நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வரை சாகிறார்கள் என்று ஐ.நா. அப்போது சொன்னது.

மொசாம்பிக் ஒப்பந்தம் ரோமில், 1992 அக்டோபர் 4 அன்று கையெழுத்தானது. சந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்க அமைப்பு இரண்டு ஆண்டுக்கும் மேல் பொறுமையாக உட்கார்ந்து பேசவைத்ததன் பலன். அங்கோலா பற்றியெரிவதைப் பார்த்துக்கொண்டே மொசாம்பிக் வேலையைத் தொடங்கியதால், ஐ.நா.வின் மொசாம்பிக் பொறுப்பாளர் ஆல்டோ அயெல்லோ ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே இல்லை: படை கலையாமல் தேர்தல் கிடையாது. 1993-இல் நடக்க வேண்டிய தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது. ஐ.நா. துருப்புகளும் ஆறாயிரத்துக்கு மேல் வந்து இறங்கினார்கள்.

அதைவிட முக்கியம் பணம் என்பது என் கணிப்பு. வீடு திரும்பும் வீரருக்கு இரண்டு ஆண்டுக்குச் சம்பளம். அரசை எதிர்த்துப் போரிட்ட ரெனாமோ இனிக் கட்சி நடத்த இத்தாலி முன்னின்று கொடுத்த தனி நிதி. தலைவர் அஃபோன்சோ தெலகாமாவுக்குத் தலைநகரில் வீடு, செலவுக்குக் காசு. கொலைகாரப் படைக்கு மாமூலா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் குயித்தோவை நினைத்தால் அந்தக் காசு மலிவு. முகாம்களில் என்ன நடந்தது தெரியுமா? 1994-இல் வீரர்கள் கலகம் செய்தார்கள், சண்டைக்காக அல்ல, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி. புதிய ராணுவத்துக்கு 30,000 பேர் தேவை. விரும்பி வந்தவர்கள் சுமார் 12,000.

அங்கும் வெண்ணெய் திரளும்போது தாழி உடையப் பார்த்தது. வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் தெலகாமா புறக்கணிப்பு அறிவித்தார். தூதர்கள் ஓடிப்போய்ப் பேசினார்கள், மனம் மாறினார், வாக்குப்பதிவை ஒரு நாள் நீட்டித்தார்கள். அவருக்கு 33.7 சதவீதம், அதிபர் சிசானோவுக்கு 53.3. சவிம்பியைவிடப் பெரிய தோல்வி. ஆனால் காட்டுக்குத் திரும்ப அவரிடம் படை மிஞ்சவில்லை. 250 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 112 இடம் கிடைத்திருந்தது.

இதெல்லாம் ஒப்பந்தத்தின் சாமர்த்தியம் இல்லை, வைரத்தின் வேலை என்று வாதிடுவோர் உண்டு. பாதி ஒப்புக்கொள்கிறேன். சவிம்பியின் கையில் வைரச் சுரங்கங்கள் இருந்தன. தெலகாமாவின் கையில் 1992-இன் வறட்சியும் பசித்த கிராமங்களும்தான். அங்கோலாவின் அடுத்த ஒப்பந்தமான 1994-இன் லுசாக்கா ஒப்பந்தத்துக்கு சுமார் 7,000 ஐ.நா. துருப்புகள் போயும் 1998-இல் போர் மறுபடி வெடித்ததற்கு வைரமும் ஒரு காரணம். கடைசியில் 2002 பிப்ரவரி 22 அன்று சவிம்பி கொல்லப்பட்டார். ஆறு வாரத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 'அடித்து முடிப்பதே வழி' என்போருக்கு இது பிடித்த உதாரணம். அந்த முடிவுக்குப் பத்து ஆண்டும் எத்தனையோ ஊர்களும் விலையாகப் போனதை மட்டும் அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. யுனிட்டா இன்று பிரதான எதிர்க்கட்சி. 2022 தேர்தலில் சுமார் 44 சதவீதம் வாங்கியது, சவிம்பி தோற்றபோது வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிகம்.

மொசாம்பிக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. தெலகாமாவின் பாதுகாப்புக்கென்று கொரொங்கோசா மலைப் பக்கம் ஆயுதத்தோடு ஆட்களை விட்டுவைத்தார்கள். 2013-இல் சண்டை திரும்ப மூண்டது அந்த ஓட்டை வழியாகத்தான். தெலகாமா 2018-இல் இறந்தார். 2019-இல் இன்னொரு ஒப்பந்தம். ரெனாமோவின் கடைசி முகாம் வுந்தூசியில் மூடப்பட்டது 2023 ஜூனில். ரோமில் கையெழுத்தாகி அப்போது முப்பது ஆண்டு கடந்திருந்தது. ஆயுதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களில் தலை நரைத்தவர்கள் நிறைய.