53 மணி ஜெபமாலையா, சொந்த வார்த்தை ஜெபமா?

தாராவியிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் சயானில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறினால் சி.எஸ்.எம்.டி. (மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) வருவதற்குள், கத்தோலிக்கர் மணிகளை உருட்டிச் சொல்லும் 53 மணி ஜெபமாலையை முடித்துவிடலாம். சுமார் 20 நிமிடம். நெரிசலில் மாலையை எடுக்க முடியாவிட்டால் பத்து விரல் போதும். இயேசுவின் வாழ்வைத் தியானிக்கத்தான் இந்த ஜெபம். மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்கும் ஒரு மறையுண்மை, அதாவது இயேசு அல்லது மரியாவின் வாழ்விலிருந்து தியானிக்க ஒரு நிகழ்ச்சி. அதை நினைக்காமல் ஓட்டினால் உதடு மட்டும்தான் அசையும். மறையுண்மையைச் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்துங்கள்.

சொந்த வார்த்தை ஜெபத்துக்குத் தனிமை வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அதிகாலைதான் கைகொடுக்கும். துதி, பாவ அறிக்கை, நன்றி, பிறகு விண்ணப்பம். முதல் மூன்றையும் தாண்டி வாடகை, வேலை, வரன் என்று அடுக்கிவிடுவதுதான் இதில் பலருக்கும் நேர்வது. நமக்கு என்ன தேவை என்று நாம் கேட்குமுன்பே பிதா அறிந்திருக்கிறார் (மத்தேயு 6:8). துக்கம் தாங்காத நாளில் வரிசையை விட்டுவிடலாம். 13-ஆம் சங்கீதமே புலம்பலில்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட நாளுக்குச் சொந்த வார்த்தை ஜெபம்தான் சரி. மனம் சிதறும் நாளுக்கு ஜெபமாலை.