கண்ணாடியா, பீங்கானா? பழைய பூச்சாடி சேர்ப்பவர்களுக்கு ஓர் அலசல்

பழைய பூச்சாடிகளைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கண்ணாடியில்தான் மயங்குவார்கள். வெளிச்சம் பட்டதும் நிறம் பொங்கி எழும். வேறு யோசனைக்கு இடமிருக்காது. பீங்கானின் அருமை மெதுவாகத்தான் பிடிபடும். நான் பீங்கான் கட்சி. ஆனாலும் கண்ணாடிக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்கள் உண்டு. (சுட்டு மேற்பூச்சு ஏற்றிய மண்பாண்டங்களையும் பீங்கான் கணக்கிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.)

யார் செய்தது, எப்போது செய்தது என்று கண்டறிவதில் பீங்கானுக்கு அருகில் கண்ணாடி நிற்கவே முடியாது. ஜாடியைக் கவிழ்த்தால் பாதி வரலாறு அடியில் எழுதியிருக்கும். அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1880இல் தொடங்கிய ருக்வுட் பட்டறை, ஆர், பி என்ற இரண்டு எழுத்துகளையும் முதுகோடு முதுகு ஒட்டிய முத்திரையை 1886இல் கொண்டுவந்தது. மறு ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரு தீக்கொழுந்து அந்த முத்திரையின் மேல் ஏறியது. 1900இல் 14 கொழுந்துகள்; அதன் பிறகு கீழே ரோமன் எண். எண்ணத் தெரிந்தவருக்கு ஆண்டு தெரிந்துவிடும்.

மேற்கு ஜெர்மனி ஜாடிகள் இன்னும் எளிது. ஷாய்ரிஷ் ஆலையின் ஜாடியில் 517-30 என்று பதிந்திருந்தால் 517 என்பது ஜாடியின் வடிவ எண், 30 என்பது சென்டிமீட்டரில் உயரம். ‘டபிள்யூ. ஜெர்மனி’ என்ற பதிப்பு இருந்தால், அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்ட சரக்கு.

அடிப்பக்கமும் பொய் சொல்லும் என்பது வேறு விஷயம். அமெரிக்காவின் ரோஸ்வில் நிறுவனம் 1940களில் செய்த ஜாடிகளில் பெயருக்குக் கீழே ‘யு.எஸ்.ஏ.’ என்று புடைப்பாக இருக்கும். 1990களில் சந்தைக்கு வந்த நகல்கள் பலவற்றில் அது இல்லை. பூவேலைப்பாடும் மழுங்கியிருக்கும், நிறமும் திட்டுத்திட்டாக இருக்கும்.

கண்ணாடிக்கு வருவோம். வெனிஸ் அரசு 1291இல் உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. அன்று முதல் அந்தப் பெயருக்குத் தனி மவுசு. ஆனால் 1950, 60களில் அங்கிருந்து வந்த ஜாடிகள் பலவற்றில் கையொப்பம் கிடையாது, ஒட்டிய காகிதச் சீட்டு மட்டும்தான். அது சில கழுவல்களில் போய்விடும். அதற்குப் பிறகு, நிறம் கொண்ட கண்ணாடி எதுவானாலும் விற்பவர் வாயில் அது முரானோதான்! வடிவத்தை வைத்தும் வயதைச் சொல்ல முடிவதில்லை. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ 1936இல் வடிவமைத்த அலையலையான ஜாடி இன்றும் உற்பத்தியாகிறது.

பிரெஞ்சுக் கண்ணாடி நிறுவனமான லாலிக் போன்ற சில பெயர்களில் ஓரளவு பிடி கிடைக்கும். அதை நிறுவிய ரெனே லாலிக் 1945இல் இறக்கும் வரை பெயருக்கு முன் ‘ஆர்’ என்ற எழுத்து பொதுவாக இருந்தது, பிறகு இல்லை. ஆனால் அந்த ‘ஆர்’ எழுத்தைப் பிற்பாடு பொறித்துச் சேர்க்கும் கைகளும் உண்டு. நான் கண்ணாடியில் நம்புவது அடித்தேய்மானத்தை. விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். பல ஆண்டுகள் மேசையில் நகர்ந்த ஜாடியின் அடிவிளிம்பில் மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக ஓடும். ஒரே திசையில் வரிசையாக ஓடினால், யாரோ உப்புத்தாளைத் தேய்த்து வயது ஏற்றியிருக்கிறார்.

பழுதில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது சுண்ணாம்புப் படிவாக இருக்கலாம். வினிகரை ஊற்றி ஊறவிட்டால் கரைந்துவிடும். ஆனால் கண்ணாடியே அரித்துப்போயிருந்தால் எதுவும் உதவாது. ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று தெரிந்து, காய்ந்ததும் மங்குவதுதான் சிக்கல். அதனால் நனைந்த ஜாடியைக் காட்டினால் துடைத்து உலரவைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பீங்கானில் மயிரிழை விரிசலைக் காது கண்டுபிடிக்கும். விரல் முட்டியால் தட்டினால் முழு ஜாடி கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மந்தமாக ஒலிக்கும். பூச்சும் உள்மண்ணும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் மேலே வலைபோல் ஓடும் நுண்கோடுகளும் உண்டு. அதை நான் பழுதாகக் கருதுவதில்லை. தண்ணீர் அதன் வழியே கசிந்து மரமேசையில் வளையம் போடும்போதுதான் தலைவலி. மறைத்து ஒட்டிய இடங்கள் புறஊதா விளக்கின் கீழ் பெரும்பாலும் தனி நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

அலங்காரத்தில் கண்ணாடிக்குச் சன்னல் வேண்டும். நிறத்துக்குள் நிறம் அடுக்கிய சொம்மர்சோ வகையை இருண்ட மூலையில் வைத்தால் வெறும் கனமான கட்டி. சன்னலோரத்திலோ ஜாடிக்குள் இன்னொரு ஜாடி மிதப்பதுபோல் தெரியும். உருண்டை வடிவ ஜாடியில் தண்ணீர் நிரப்பி நேர் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். அது வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பொசுக்கும்.

பீங்கானுக்கு வெளிச்சத்தின் தயவு தேவையில்லை. எரிமலைக் குழம்பு கொப்பளித்து உறைந்தாற்போன்ற பூச்சு கொண்ட அந்த மேற்கு ஜெர்மனி ஜாடிகள், பூ இல்லாமலே ஓர் அறையைத் தாங்கும். வெள்ளைச் சுவருக்கு முன் ஆரஞ்சுச் சிவப்பில் ஒன்று போதும். நான்கு வைத்தால் ஒன்றோடொன்று சண்டை போடும். கண்ணாடியில் அந்தச் சிக்கல் குறைவு. ஒரே நிறத்தின் ஏற்ற இறக்கங்களில் ஏழெட்டைக் கூட வரிசையாக வைக்கலாம்.

பித்தளை? உடையாது, கசியாது. ஆனால் மெருகேற்றியே கை ஓய்ந்துவிடும்.

ஆகவே சேகரிப்பாக வளர்க்க நினைத்தால் பீங்கான். நல்ல சன்னல் ஒன்று இருந்து அதை மட்டும் அழகுபடுத்த நினைத்தால் கண்ணாடி. கசியும் பீங்கான் ஜாடியில் பூ வைத்தே தீர வேண்டுமென்றால், அதன் வாய்க்குள் நுழையும் சாதாரணக் கண்ணாடிக் குவளையை உள்ளே இறக்கி, தண்ணீரை அதில் மட்டும் ஊற்றுங்கள்.