கூகுள் ட்ரெண்ட்ஸ்: பயணக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

பயணக் கட்டுரை கொண்டுபோனால் எந்த ஆசிரியரும் முதலில் கேட்பது, "இதை இப்போ ஏன் போடணும்?" என்பதைத்தான். ஊர் அழகாக இருக்கிறது என்பது அதற்குப் பதில் ஆகாது. அந்தப் பதிலைத் தேடுவதற்கு நான் அதிகம் நம்புவது கூகுள் ட்ரெண்ட்ஸை. கூகுளில் மக்கள் எதை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்பதை ஏறி இறங்கும் கோடாகக் காட்டும் தளம் அது. இலவசம்தான், கணக்கு தொடங்காமலே பார்க்கலாம். தென்காசிப் பக்கம் இருந்துகொண்டு வார இதழ்களுக்கு எழுதுகிறவள் என்பதால், எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன்.

'குற்றாலம்' என்று அடித்து, இந்தியா, கடந்த 5 ஆண்டுகள் என்று வைத்துப் பாருங்கள். சாரல் காலத்தில் கோடு ஏறும், அப்புறம் இறங்கும். இதைச் சொல்ல ஒரு கருவி தேவையில்லைதான். ஆனால் ஆண்டுதோறும் எந்த வாரத்தில் அது ஏறத் தொடங்குகிறது என்பதை இங்கே கண்ணால் பார்க்கலாம். ஏறத் தொடங்கும் வாரத்திலிருந்து, இதழ் அச்சாக எடுக்கும் காலத்தைப் பின்னோக்கிக் கழித்தால், கட்டுரையைக் கொடுக்க வேண்டிய தேதி கிடைத்துவிடும். ஜூனில் கூட்டம் தேடுகிறது என்றால் மே தொடக்கத்திலேயே ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். கூட்டம் வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் ஆடிப்பட்டத்தைத் தவறவிட்ட கதைதான்.

அடிக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே 'டாபிக்', 'சர்ச் டெர்ம்' என்று இரண்டு வகை வரும். சர்ச் டெர்ம் நீங்கள் அடித்த எழுத்தை மட்டும் தேடும். டாபிக் எடுத்தால் தமிழில் தேடியவர், ஆங்கில எழுத்தில் விதவிதமாக அடித்தவர் எல்லாரும் ஒரே கணக்கில் வந்துவிடுவார்கள். குற்றாலத்தை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறோமே, அதற்கு இதுதான் மருந்து. சேலத்தைத் தேடினால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சேலம் இருக்கிறது. பேய் வேடம் போடும் ஹாலோவீன் பண்டிகை நேரமான அக்டோபரில் உலகமே அதைத் தேடும்.

என் கணிப்பில் இந்தக் கருவியின் உயிர் கோட்டில் இல்லை, கீழே வரும் 'ரிலேட்டட் கொயரிஸ்' (தொடர்புடைய தேடல்கள்) பெட்டியில் இருக்கிறது. அதில் 'ரைசிங்' என்று வைத்தால் புதிதாக எதைக் கேட்கிறார்கள் என்று காட்டும். 5,000 சதவீதத்துக்கும் மேல் ஏறியதை 'பிரேக்அவுட்' என்று குறிக்கும். உதாரணமாக, ஊட்டி, கொடைக்கானலுக்கு வண்டியில் போக ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதியான இ-பாஸ் 2024 மே 7 முதல் வந்தது. அடுத்த ஆண்டு கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. அதற்குப் பிறகு ஊட்டிக்குக் கிளம்பும் குடும்பத்துக்குத் தாவரவியல் பூங்காவைப் பற்றி இன்னொரு வர்ணனை எதற்கு? பாஸ் எப்படி எடுப்பது, பஸ்ஸில் போனால் வேண்டுமா, அன்றைய இடம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கவலை. இதை எழுதினால் வீட்டில் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

கோடு உயர்ந்தாலே மக்கள் பயணம் கிளம்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவர் இறந்தார். அப்படிப்பட்ட வாரத்தில் குற்றாலத்தைத் தேடுகிறவர் விடுதி பார்க்கவில்லை, பதறிப்போய் செய்தி பார்க்கிறார். அந்த நேரத்தில் "குற்றாலம் போகலாம் வாங்க" என்று ஒரு கட்டுரை வந்தால் எனக்கு மனசு கொதிக்கும். அங்கே எழுத வேண்டியது வேறு: மலைமேல் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரலாம் என்பதை, பேரருவியை அடைத்தால் ஐந்தருவிக்கு ஓடுவதற்கு முன் யாரிடம் கேட்க வேண்டும் என்பதை எழுத வேண்டும்.

திருவண்ணாமலைக்கு வேறு மாதிரி. 'கிரிவலம்' போட்டுப் பாருங்கள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி முள் முள்ளாக நிற்கும். கார்த்திகை தீபம் போக மற்ற பௌர்ணமிகளுக்கும் வாசகர் உண்டு என்று ஆசிரியரிடம் காட்ட இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.

குறைகளும் உண்டு. 0 முதல் 100 வரை வரும் எண், எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை இல்லை. நீங்கள் எடுத்த காலத்தில், எடுத்த இடத்தில் உச்சம் எதுவோ அதுதான் 100. தனித்தனியாக எடுத்த இரண்டு வரைபடங்களை ஒப்பிட்டால் பொய்யான முடிவுதான் வரும். ஒரே படத்தில் பல பெயர்களைச் சேர்க்கலாம், அப்படித்தான் ஒப்பிட வேண்டும். மாநில வரைபடத்திலும் அடர்த்தியான நிறம் விகிதத்தைத்தான் காட்டுகிறது. புதுச்சேரி முதலிடம் என்றால் தமிழ்நாட்டை விட அதிகம் பேர் தேடினார்கள் என்று அர்த்தமில்லை. தேடல் குறைந்த சிற்றூர்களுக்கு வெறும் பூஜ்யம் வரும். எனக்குப் பிடித்த ஊர்களில் பாதிக்கு இந்த நிலைதான். அதற்காக அவற்றை எழுதாமல் விட மாட்டேன்.

இன்னொன்று, எல்லாரும் ஒரே கோட்டைப் பார்த்தால் எல்லாரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதுவார்கள். 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதி 72.5 மீட்டர் நீளம், 17 மீட்டர் உயரும் என்பதையே திரும்பத் திரும்பப் படித்தோம். பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுக்கும் மேலாக ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தார்கள். ரயில் மறுபடி ஓடியதும் அந்த ஆட்டோக்காரர்கள், கடைக்காரர்கள் பிழைப்பு என்ன ஆனது? நான் படிக்க விரும்பியது அதை. இந்தக் கேள்வி எந்தப் பெட்டியிலும் வராது, மண்டபம் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றால்தான் வரும்.

எழுதத் தொடங்குகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். மொபைலை விடக் கணினியில் பாருங்கள், வரைபடம் தெளிவாக இருக்கும். தரவு 2004 முதல் இருப்பதால் நீண்ட கால வேலைக்கும் உதவும். இப்போது நான் பார்த்துக்கொண்டிருப்பது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியை. மூணாறு இரவிகுளத்தில் 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. இடையில் 2022-ல் சாந்தன்பாறைப் பக்கம் கள்ளிப்பாறையில் பூத்தது. இரவிகுளம் பூத்துவிட்டதாக நினைத்து அப்போது மூணாறுக்கு அறை தேடியவர்களும் இருந்திருப்பார்கள். எந்த மலையில் எந்த ஆண்டு பூக்கும் என்று மலைவாரியாக ஒரு கட்டுரை 2029 இறுதிக்குள் தயாராக வேண்டும், அதற்கு வனத்துறையினரிடம் இப்போதே பேசத் தொடங்கியிருக்கிறேன்.